சக்கரவர்த்திக்கு முறைப்பெண் இல்லை

பார்பரா என் கையில் கொடுத்த ஸ்கிரிப்டில் நான்காவது படத்துக்கு நேராக ஒரு ஜோக் இருந்தது. "மற்றவர்களின் வம்சாவளி மரம் மாதிரி கிளைவிடும். இந்தச் சக்கரவர்த்தியின் வம்சாவளி, கிறிஸ்துமஸுக்கு வாசற்கதவில் மாட்டுகிற வளையம் மாதிரி சுற்றி வந்து ஒட்டிக்கொள்ளும்." அதற்குக் கீழே சாய்ந்த எழுத்தில், இங்கே பார்வையாளர்கள் சிரிக்க நேரம் கொடுக்கவும் என்று வேறு போட்டிருந்தது.

சிரிக்க நேரம் கொடுக்க வேண்டுமாம்! படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஏன் என்று புரிய வேண்டுமானால் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். என் பெயர் கிருபாராணி. நியூஜெர்சியில் வெஸ்ட் வின்ட்சரில் இருக்கிறோம். சொந்த ஊர் தரங்கம்பாடிக்குப் பக்கத்தில் பொறையாறு. கல்யாணத்துக்கு முன்னால் அங்கே பெண்கள் பள்ளிக்கூடத்தில் சரித்திர டீச்சராக இருந்தேன். நான் பானிபட்டில் யானையை ஓடவிட்டால் கடைசி பெஞ்சில்கூட ஒருத்தி கொட்டாவி விடமாட்டாள். இந்த ஊருக்கு வந்ததும், வந்த எல்லாரையும் போல ஒரு கோர்ஸ் படித்து, சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலைக்குப் போனேன். சம்பளம் நன்றாக இருந்தது. ஆனால் நாள் முழுக்க நான் பேசியதெல்லாம் ஸ்கிரீனோடுதான். போன வருஷம் அந்த வேலையும் லே ஆஃபில் போயிற்று. ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. போய்த் தொலையட்டும் என்றுதான் இருந்தது.

அப்போதுதான் டெலவேர் ஆற்றங்கரையில், பழைய மாவு மில்லைப் புதுப்பித்துக் கட்டிய சின்ன மியூசியம் ஒன்றில் டோசன்ட் வேண்டும் என்று பார்த்தேன். டோசன்ட் என்றால் வேறொன்றுமில்லை, வருகிறவர்களைக் கூட்டிக்கொண்டுபோய் ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் நிறுத்தி விளக்கம் சொல்கிற ஆள். சம்பளம் கிடையாது. இருக்கட்டுமே, நான் பேச எதிரே மனுஷர்கள் நிற்பார்கள் அல்லவா? அதற்காக நான் சம்பளமே கொடுப்பேன்.

அதிலும் அடுத்து வரப்போகும் கண்காட்சி என்னவென்று கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சக்கரவர்த்தி ஐந்தாம் சார்லஸின் உருவப்படங்கள். பதினாறாம் நூற்றாண்டில் பாதி ஐரோப்பாவும் கடல் கடந்த தேசங்களும் இவர் காலடியில் கிடந்தன. டிஷியன் என்ற வெனிஸ் நகரத்து ஓவியர் இவரை வரைந்த படங்கள் உலகப் பிரசித்தம். அசல்கள் மாட்ரிட்டையும் மியூனிக்கையும் விட்டு லேசில் நகராது. எங்களுக்கு வந்தவை பழைய நகல்கள். நகலே அப்படி முறைக்கும்.

எனக்குச் சிரிப்பு வந்ததற்குக் காரணம், இந்த மனிதரை எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். நாங்கள் லுத்தரன் சபை. அக்டோபர் கடைசியில் இங்கே பிள்ளைகள் பேய் வேஷம் போட்டு மிட்டாய் கேட்கிற அதே நாளில் எங்கள் ஊரில் சீர்திருத்தத் திருநாள். போப்பை எதிர்த்து எங்கள் சபைக்கு வித்திட்ட லுத்தரைக் கூப்பிட்டு வைத்து விசாரணை செய்த சக்கரவர்த்தி இவர்தான். ஞாயிறு பள்ளி நாடகத்தில் லுத்தராக நடிக்க அடிதடி நடக்கும். சக்கரவர்த்தியாக நடிக்க ஒருத்தரும் வரமாட்டார்கள். நான் வளர்த்தி என்பதால் அட்டைக் கிரீடத்தை என் தலையில் கவிழ்த்து உட்காரவைத்து விடுவார்கள். அதனால் எங்களுக்குள் பழைய பழக்கம்.

பயிற்சி எல்லாம் முடிந்தது. கடைசியில் ஒரு பரீட்சை. சனிக்கிழமை வருகிற நிஜமான கூட்டத்தை நான் கூட்டிக்கொண்டு போக வேண்டும், எங்களுக்குப் பயிற்சி கொடுத்த பார்பரா பின்னாலேயே வந்து பார்ப்பாள். தேறினால் சனிக்கிழமை டூர் எனக்கு. தேறாவிட்டால் வாசலில் நின்று வருகிறவர்களின் கோட்டுகளை வாங்கி மாட்டுகிற வேலை. அங்கேயும் வாலன்டியர்கள் வேண்டுமே! எனக்கு இரண்டுக்கும் நடுவில் வேறு வழி இல்லை.

இப்போது அந்த ஜோக்குக்கு வருகிறேன். நானும் என் வீட்டுக்காரர் சாந்தகுமாரும் சொந்தம். அவர் என் அத்தை மகன், அப்பாவின் கூடப்பிறந்த அக்கா பிள்ளை. ஊரில் இதைச் சொன்னால், "அப்படியா, முறைதானே" என்று சொல்லிவிட்டுக் காப்பி டம்ளரை எடுத்துக்கொள்வார்கள். இங்கே நாங்கள் சொன்னதே இல்லை. தமிழ் ஆட்களுக்குத் தெரியும். மற்றவர்களிடம் மூச்சு விடக்கூடாது என்பது சாந்தகுமாரின் சட்டம்.

அந்தச் சட்டம் வந்ததற்கும் ஒரு கதை உண்டு. எங்கள் மகள் ஜெபினா எலிமென்டரி ஸ்கூலில் படிக்கும்போது வம்சாவளி வரைந்துகொண்டு வரச் சொன்னார்கள். அவளும் சமத்தாக வரைந்துகொண்டு போனாள். அப்பா பக்கத்துப் பாட்டியின் அம்மா அப்பா, அம்மா பக்கத்துத் தாத்தாவின் அம்மா அப்பா, இரண்டு இடத்திலும் ஒரே பெயர். ஒரே ஆட்கள்தானே, பின்னே எப்படி இருக்கும்? டீச்சர் சிவப்பு மையில் சுழித்து, "ஒரே பெயரை இரண்டு தடவை எழுதிவிட்டாய்" என்று திருப்பி அனுப்பிவிட்டாள். நான் போய் விளக்குகிறேன் என்று கிளம்பினேன். சாந்தகுமார் விடவில்லை. உட்கார்ந்து ஒரு பக்கத்துக்கு இல்லாத பெயர்களைப் போட்டுக் கொடுத்தார். அதற்கு டீச்சர் ஸ்டார் ஒட்டிக் கொடுத்தாள். பிள்ளை அதைக் கொண்டுவந்து ஃபிரிட்ஜில் மாட்டியது. அந்த ஸ்டாரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

ஸ்கிரிப்ட் வந்த அன்றே நான் பார்பராவிடம் போய் நின்றேன். எழுபது வயது, ரிடயரான ஸ்கூல் பிரின்சிபால். நல்லவள்தான், ஆனால் பேப்பரில் இருக்கிறதை மாற்ற அவளுக்கு மனசு வராது. "பார்பரா, இது தப்பு. இவருடைய அப்பாவும் அம்மாவும் கிட்டத்துச் சொந்தமே இல்லை. சொந்தத்தில் கட்டியதால் வந்தது என்று எல்லாரும் சொல்கிற இந்த நீண்ட தாடை இவருடைய தாத்தாவுக்கே இருந்தது. வீட்டுக்குள்ளேயே கட்டிக் கட்டி அளவு மிஞ்சியதெல்லாம் இவருக்குப் பிற்பாடு. இவர் தாடையைக் காட்டி அந்த ஜோக்கைச் சொல்வது பொய்" என்றேன்.

"கிருபா, அதெல்லாம் பேராசிரியர்களுக்கு," என்றாள் அவள் ஆங்கிலத்தில். "சனிக்கிழமை வருகிறவர்களுக்கு இந்த ஜோக்தான் பிடிக்கும். மொத்த டூரிலும் எல்லாரும் சிரிக்கிற ஒரே இடம் அதுதான். அதைச் சொல்லிவிடுங்கள்."

வீட்டுக்கு வந்து சாப்பிடும்போது சொன்னேன். சாந்தகுமார் மீன் குழம்பில் கையை வைத்தபடியே நிமிர்ந்தார்.

"சொல்லிட்டுப் போயேன் ராணி. எல்லாரும் சிரிக்கிறாங்க, நீயும் சிரிச்சிட்டு வா."

"நம்மளப் பாத்துதான் அத்தான் சிரிக்கிறாங்க."

"நம்மளன்னு யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்ல?"

"தெரிஞ்சா தெரிஞ்சிட்டுப் போவுது. வாயத் தொறந்து கிறந்து வைக்காத. எங்க ஆபீஸ்ல ஒருத்தன் காதுல விழுந்தா போதும், லஞ்ச் டேபிள்ல உக்காந்து என் பொண்ணு போட்டோவுல தாடையத் தேடுவானுங்க. எனக்கு அது வேணாம்."

அதற்கு மேல் பேசினால் சண்டைதான் வரும். மன்ஹாட்டனில் ஒரு பேங்கில் வேலை, தினம் பிரின்ஸ்டன் ஜங்ஷனில் ரயில் ஏறி இறங்கி, பாதி ஜீவனோடு வருகிற மனிதர். அவர் பயமும் எனக்குப் புரிந்தது. ஆனாலும் கோபம் போகவில்லை. பாத்திரங்களைக் கொஞ்சம் சத்தமாகவே கழுவினேன்.

பரீட்சை நாள் வந்தது. வாடாமல்லி நிறத்தில் ஒரு பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனேன். சக்கரவர்த்தியைப் பார்க்கப் போகிறோம், ஸ்லாக்ஸிலா போவது? என் சிநேகிதி ஷ்யாமளா எனக்கு முன்னாலேயே வந்து நின்றாள். மயிலாப்பூர்க்காரி, இங்கே எங்கள் தெருதான், வாய் ரொம்ப நீளம். "நீ ஜமாய்டி, நான் க்ளாப் பண்றதுக்குன்னே வந்துருக்கேன்" என்றாள்.

கூட்டம் சுமாராக இருந்தது. பேஸ்பால் தொப்பி போட்ட ஒரு பெரியவர், இரண்டு பிள்ளைகளோடு ஒரு அம்மா, கைகோத்துக்கொண்டு ஒரு இளம் ஜோடி, ஒரே மாதிரி ஸ்வெட்டர் போட்ட சில பெண்கள். பின்னால் கிளிப்போர்டோடு பார்பரா. அப்புறம் பார்த்தால், அவளுக்கும் பின்னால் ஜாக்கெட் ஸிப்பைக் கழுத்துவரை ஏற்றிக்கொண்டு சாந்தகுமார்! வரமாட்டேன் என்று சொன்ன மனிதரை ஜெபினா பிலடெல்ஃபியாவிலிருந்து காரில் வந்து இழுத்துக்கொண்டு வந்திருக்கிறாள். அவரைப் பார்த்ததும் சந்தோஷமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

முதல் படத்தில் சக்கரவர்த்தி ஒரு பெரிய நாயின் கழுத்துப்பட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். "நாய் யாரைப் பார்க்கிறது என்று பாருங்கள்" என்று ஆரம்பித்தேன். பிள்ளைகள் இரண்டும் ஓடிப்போய் அண்ணாந்து பார்த்தன. தாடியை ஏன் அந்தக் கோணத்தில் வளர்த்தார், அதற்குள் தாடை எப்படிப் பதுங்கியிருக்கிறது என்று சொன்னேன். இரண்டாவது படம், குதிரைமேல் கவசத்தோடு. யுத்தத்தில் ஜெயித்த கையோடு வரைந்தது. "இந்த நேரத்தில் அவருக்கு மூட்டுவாதம், காலை அசைக்க முடியாது. இந்தப் படத்தில் உங்களுக்கு அந்த வலி தெரிகிறதா? தெரியாது. அதற்குத்தான் டிஷியன்" என்றேன். தொப்பிக்காரப் பெரியவர் தன் முழங்காலைத் தடவிக்கொண்டு, "எனக்கு ஒரு டிஷியன் வேண்டும்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

அடேயப்பா, என்ன சுகம் அது! எவ்வளவு வருஷத்துக்குப் பிறகு என் தொண்டை எனக்குத் திரும்பக் கிடைத்தது. மூன்றாவது படத்தில், கறுப்பு உடுப்பில் நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருக்கிற சக்கரவர்த்திக்கு முன்னால், மூச்சுச் சத்தம்கூட இல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பார்பராவின் தலை ஆடிக்கொண்டே இருந்தது. தேறிவிட்டேன் என்று எனக்கே தெரிந்தது. அந்த ஒரு ஜோக்கைச் சொல்லிவிட்டால் முடிந்தது.

நான்காவது படம் சக்கரவர்த்தினி இஸபெல்லா. பக்கத்துச் சுவரிலேயே வம்சாவளியைப் பெரிதாக வரைந்து மாட்டியிருந்தார்கள். நான் முதலில் படத்தைப் பற்றிச் சொன்னேன். அவள் பிரசவத்தில் போய்ச் சேர்ந்து பல வருஷம் கழித்து வரைந்த படம் அது. டிஷியன் அவளைக் கண்ணால் பார்த்ததே இல்லை. வேறு யாரோ வரைந்த படத்தை வைத்துக்கொண்டு வரைந்தார். அதை வாங்கிப் பார்த்த சக்கரவர்த்தி, எல்லாம் சரி, மூக்கு அவள் மூக்கு மாதிரி இல்லை, திருத்திக் கொடு என்று சொல்லி அனுப்பினார். "யோசித்துப் பாருங்கள், செத்துப்போன மனைவியின் மூக்கு இந்த மனிதருக்கு அவ்வளவு துல்லியமாக ஞாபகம் இருந்திருக்கிறது" என்றேன். ஸ்வெட்டர் பெண்களில் ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அடுத்து ஜோக். வாயைத் திறந்தேன். உண்மையைச் சொன்னால், சொல்லிவிடத்தான் நினைத்தேன். கோட்டு மாட்டுகிற இடம் கண்முன்னால் வந்து வந்து போயிற்று. அதற்குள் தொப்பிக்காரர் வம்சாவளியை உற்றுப் பார்த்துவிட்டு, "ஒரு நிமிஷம். இவர் சொந்தக் கஸினையா கட்டியிருக்கிறார்? இவர் மகன் தங்கை மகளையா? இவர்களுக்கு வெளியே ஒரு ஆளும் அகப்படவில்லையா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். இளம் ஜோடியில் அந்தப் பெண் மூக்கைச் சுளித்து "ய்யக்" என்றாள்.

எனக்கு அதுகூடப் பெரிதாகப் படவில்லை. பின்னால் பார்த்தேன். சாந்தகுமாரும் சிரித்துக்கொண்டிருந்தார். எல்லாரோடும் சேர்ந்து, அதே அளவுக்கு, ஆபீஸில் பழகின சிரிப்பு. பக்கத்தில் ஜெபினா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். என்னால் அந்தச் சிரிப்பைத் தாங்கவே முடியவில்லை. யாரைப் பார்த்துச் சிரிக்கிறார் இந்த மனுஷன்?

"என் வீட்டு வம்சாவளியும் இப்படித்தான் இருக்கும்" என்றேன். நான் ஆங்கிலத்தில் சொன்னதைத்தான் தமிழில் எழுதுகிறேன்.

சிரிப்பு அப்படியே நின்றது.

"நான் என் அப்பாவின் அக்கா மகனைக் கல்யாணம் பண்ணியிருக்கிறேன். எங்கள் பக்கம் அது காலங்காலமாக இருக்கிற வழக்கம். ஒளிக்கிற விஷயம் இல்லை, பந்தல் போட்டு, ஊரைக் கூட்டி, பிரியாணி போட்டுச் செய்கிற விஷயம்."

பார்பராவின் பேனா நடுவழியில் நின்றது. "ய்யக்" சொன்ன பெண்ணுக்கு முகம் சிவந்துவிட்டது, பாவம். அவள் மெதுவாக, "உங்களை யாராவது வற்புறுத்தினார்களா?" என்று கேட்டாள். நல்ல மனசோடுதான் கேட்டாள்.

"என்னையா? வற்புறுத்துவதா?" என்றேன். "கட்டினால் அத்தானைத்தான் கட்டுவேன் என்று வீட்டில் ரகளை பண்ணினவள் நான். அவருக்குத்தான் கொஞ்சம் யோசனை இருந்தது."

ஷ்யாமளா கெக்கெக்கே என்று சிரித்துவிட்டாள். மற்றவர்களும் லேசாகச் சிரித்தார்கள். இது வேறு மாதிரிச் சிரிப்பு. ஆனால் நான் பின்பக்கம் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை. இவ்வளவு காலம் கட்டிக்காத்த சட்டத்தை மனுஷர் கண்ணெதிரிலேயே உடைத்தாயிற்று. அவர் பேசாமல் வெளியே போய்விட்டால் நான் ஒன்றும் சொல்ல முடியாது. அவருடைய பெயரை நான் சொல்லவில்லை, முகத்தைக் காட்டவில்லை, அது மட்டும்தான் என்னால் அவருக்குச் செய்ய முடிந்தது.

"எக்ஸ்க்யூஸ் மீ" என்று ஒரு குரல் வந்தது.

கூட்டம் விலகியது. சாந்தகுமார் முன்னால் வந்தார். ஸிப்பைக் கீழே இறக்கிவிட்டுக்கொண்டே வந்து, இஸபெல்லாவுக்கும் எனக்கும் நடுவில் நின்றார்.

"அந்த ஆள் நான்தான்" என்றார். "இவள் அப்பா எனக்கு மாமா. என் அம்மாவின் தம்பி. சின்ன வயதில் எனக்கு அப்பா இறந்துவிட்டார். மாமா வந்து என்னையும் என் அம்மாவையும் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். என்னைப் படிக்கவைத்தது அவர். எனக்கு டை கட்டக் கற்றுக்கொடுத்தது அவர். பிறகு தன் மகளையும் கொடுத்தார்."

இஸபெல்லாவின் படத்தை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

"இந்த நாட்டில் அவரை நான் மாமா என்று யாரிடமும் சொன்னதில்லை. மாமனார் என்றுதான் சொல்வேன். மாமா என்றால் எப்படி என்று கேட்பார்கள், அதற்குப் பயந்து. அவர் இறந்தபோது என் மேனேஜர் நல்லவிதமாக விசாரித்தார். உங்களுக்கு அவரோடு நெருக்கமா என்று கேட்டார். நான், மனைவியின் அப்பா, அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டு மீட்டிங்குக்குப் போனேன்."

இது எனக்கே தெரியாது. கூடவே இருக்கிற எனக்கே தெரியாது! ஊருக்குப் போய் அடக்கம் முடித்து வந்ததெல்லாம் தெரியும். இந்த ஒரு வாக்கியத்தை உள்ளே வைத்துக்கொண்டு தினம் ரயிலேறிப் போய்வந்திருக்கிறார் என்று தெரியாது. எனக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் போய், கண்ணீர் பொலபொலவென்று வந்துவிட்டது. துடைக்கவில்லை. புடவைத் தலைப்பு இருந்தும் துடைக்கத் தோன்றவில்லை.

"நெருக்கம்தான்," என்றார் சாந்தகுமார், அந்த மேனேஜரே எதிரில் நிற்கிற மாதிரி. "எனக்கு அவரை விட நெருக்கம் வேறு யாரும் இல்லை."

அப்புறம் இரண்டு பிள்ளைகளில் பெரியது, அம்மா கையைப் பிடித்து இழுப்பதற்குள், "உங்களுக்குப் பிள்ளைகள் இருக்கிறார்களா?" என்று கேட்டுவிட்டது. அந்த அம்மாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்தக் கேள்வியின் அடியில் என்ன இருக்கிறது என்று அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும்.

"ஹாய்! தட்ஸ் மீ" என்று பின்னாலிருந்து ஜெபினா கையைத் தூக்கினாள். நேராக முன்னால் வந்து, சக்கரவர்த்தி உட்கார்ந்திருக்கிற படத்துக்குப் பக்கத்தில் அவரைப் போலவே பக்கவாட்டில் திரும்பி, மோவாயை நிமிர்த்திக் காட்டினாள். "செக் பண்ணிக்கோங்க. என் தாடை ஜஸ்ட் ஃபைன்."

ஹால் முழுக்கச் சிரிப்பு. சாந்தகுமாரும் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டே, வயிற்றிலிருந்து வருகிற அவருடைய சொந்தச் சிரிப்பு. வீட்டுக்கு வெளியே அதை நான் கேட்டே எவ்வளவோ காலம் ஆயிற்று.

சொந்தத்தில் கட்டுவது பற்றி டாக்டர்கள் எச்சரிப்பது பொய் என்று நான் சொல்லவில்லை. அதையும் சொன்னேன். தலைமுறை தலைமுறையாகக் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள்ளேயே கட்டினால் என்ன ஆகும் என்பதற்கு, இதே வம்சத்தில் பின்னால் வந்து, பிறவி நோயோடு வாரிசில்லாமல் செத்துப்போன கடைசி ஸ்பெயின் ராஜாவே சாட்சி என்று சுவரில் காட்டினேன். தொப்பிக்காரர் விடவில்லை. "அப்படியானால் உங்கள் ஊர்க் கணக்குப்படி, இவர் இந்த இஸபெல்லாவைக் கட்டியது சரிதானா?" என்று கேட்டார்.

"சரியா? கூடவே கூடாது!" என்றேன். "பாருங்கள். இவருடைய அம்மா யோவானா. அவளுடைய தங்கை மரியா. அந்த மரியாவின் மகள்தான் இஸபெல்லா. சித்தி மகள். எங்களுக்கு அவள் தங்கை. அப்பாவின் அக்கா தங்கை மக்கள், அம்மாவின் அண்ணன் தம்பி மக்கள், இவர்களைத்தான் கட்டலாம். சித்தி மகளைக் கட்டினேன் என்று இவர் எங்கள் ஊருக்கு வந்தால், சக்கரவர்த்தி என்றுகூடப் பார்க்காமல் வெளக்குமாற்றால் அடிப்பார்கள்."

"சித்தி பொண்ணா? கர்மம், கர்மம்!" என்று ஷ்யாமளா தலையில் அடித்துக்கொண்டாள். அப்புறம் என்ன தோன்றியதோ, கூட்டத்தைப் பார்த்து ஆங்கிலத்தில், "என் அம்மா கட்டினது தன் சொந்த மாமாவை. அதாவது, என் பாட்டியின் தம்பியை. நாங்கள் எல்லாம் அதை வெளியே சொல்வதில்லை. இன்றைக்குச் சொல்கிறேன்" என்று அறிவித்தாள். ஸ்வெட்டர் பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"அப்போ இவர் யாரைத்தான் கட்டியிருக்கலாம்?" இப்போது கேட்டது "ய்யக்" சொன்ன பெண். அவள் சுவரை ஒட்டியே வந்துவிட்டாள்.

நான் வம்சாவளியில் விரலை வைத்துத் தேடினேன். பயிற்சிக்காகப் பலமுறை படித்திருக்கிறேன், ஆனால் இந்தக் கண்ணோடு பார்த்ததில்லை. பார்க்கப் பார்க்க எனக்கே புல்லரித்தது. சார்லஸின் அப்பாவுக்கு ஒரு தங்கை, மார்கரெட். அம்மாவுக்கு ஒரு அண்ணன், யுவான். அந்த இரண்டு பேருக்கும் கல்யாணம்! இந்த வீட்டுப் பெண்ணை அந்த வீட்டுக்கும் அந்த வீட்டுப் பெண்ணை இந்த வீட்டுக்கும் கொடுத்து எடுத்திருக்கிறார்கள்.

"இதோ பாருங்கள், இவருடைய அத்தை, இவருடைய மாமாவையே கட்டியிருக்கிறாள். பொண்ணு கொடுத்துப் பொண்ணு எடுப்பது என்று நாங்கள் சொல்வோம். இவர்களுக்கு ஒரு பெண் குழந்தை. அது பிழைத்திருந்தால் சக்கரவர்த்திக்கு அத்தை மகள், அதே சமயம் மாமன் மகள். இரண்டு பக்கமும் முறை. இதைவிடப் பொருத்தம் தேடினாலும் கிடைக்காது. மாமா இளவயதிலேயே செத்துப்போனார். அந்தக் குழந்தை உயிரில்லாமல் பிறந்தது." கூட்டத்தில் யாரோ 'அய்யோ' என்பதுபோல மூச்சை இழுத்தார்கள். "பாதி உலகத்தை ஆண்டவர். ஆனால் பாவம், கட்டிக்க முறைப்பெண் இல்லை."

தொப்பிக்காரர் தொப்பியைக் கழற்றிவிட்டுச் சக்கரவர்த்தியைப் பார்த்தார். "பாவம் மனுஷன்" என்றார். நிஜமாகவே வருத்தப்பட்டார். அங்கேயே கேள்விமேல் கேள்வியாக நேரம் ஓடிவிட்டது. டூர் முடிய வேண்டிய நேரம் தாண்டிவிட்டதாகப் பார்பரா சைகை காட்டினாள். கூட்டம் கைதட்டியது. ஷ்யாமளா மட்டும் நிறுத்தவேயில்லை.

பார்பரா என்னைத் தனியே கூப்பிட்டாள். கிளிப்போர்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தாள்.

"கிருபா, நான்காவது படத்தில் ஸ்கிரிப்டில் இருந்த ஒரு வரியைக்கூட நீங்கள் சொல்லவில்லை. ஐந்தாவது படத்துக்குப் போகவே இல்லை. விதிப்படி இது..." என்று இழுத்தாள்.

எனக்கு ஆத்திரம் வரவில்லை என்பதுதான் ஆச்சரியம். கோட்டு மாட்டச் சொன்னாலும் மாட்டியிருப்பேன். ஆனால் வாய் சும்மா இருக்குமா? "விதிப்படி தேறவில்லை என்றால் எழுதிக்கொள்ளுங்கள் பார்பரா. அந்த ஜோக்கை மட்டும் நான் எந்த ஜென்மத்திலும் சொல்லமாட்டேன்" என்றேன்.

அவள் பதில் சொல்வதற்குள் பின்னால் யாரோ கனைத்தார்கள். தொப்பிக்காரர். அவருக்குப் பின்னால் இளம் ஜோடி, பிள்ளைகள், அந்த அம்மா, ஸ்வெட்டர் பெண்கள். ஒருவரும் வெளியே போகவில்லை.

"மன்னிக்கணும்," என்றார் அவர் பார்பராவிடம். "இன்னும் ஒரு படம் இருக்கிறது என்று போர்டில் போட்டிருக்கிறது. மனைவி போன பிறகு அந்த மனுஷன் என்ன ஆனான் என்று தெரிந்துகொள்ளாமல் நாங்கள் எப்படி வீட்டுக்குப் போவது?"

பார்பரா அவரைப் பார்த்தாள், கூட்டத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ஸ்கிரிப்டை எடுத்து நான்காம் பக்கத்தைத் திருப்பினாள். ஜோக்கின்மேல் பேனாவால் ஒரு கோடு இழுத்தாள். ஸ்கூல் பிரின்சிபால் போடுகிற கோடு, நேராக, அழுத்தமாக இருந்தது.

"இந்த இடத்தில் என்ன எழுதட்டும்?" என்று கேட்டாள்.

"ஒன்றும் எழுத வேண்டாம்," என்றேன். "சனிக்கிழமைதோறும் நான் வந்து சொல்லிக்கொள்கிறேன்."

அவள் சிரித்துவிட்டு வழிவிட்டாள். நான் புடவைக் கொசுவத்தை ஒரு உதறு உதறிச் சரிசெய்துகொண்டு, ஐந்தாவது படத்தை நோக்கி முன்னால் நடந்தேன். கூட்டம் மொத்தமும் என் பின்னால் வந்தது. ஜெயித்தேன் என்பதை இதைவிட எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

எனக்குப் பின்னால் சாந்தகுமாரும் தொப்பிக்காரரும் சேர்ந்து நடந்து வருவது காதில் விழுந்தது.

"உங்கள் மாமாவின் பெயர் என்ன?" என்று கேட்டார் அவர்.

"ஞானாபரணம்" என்றார் என் அத்தான், அந்த ஹாலே கேட்கும்படி. பெரியவருக்கு நாக்கு புரளவில்லை. சாந்தகுமார் விடவில்லை. ஒவ்வொரு எழுத்தாக, நிறுத்தி நிறுத்தி, அவர் சரியாகச் சொல்கிறவரைக்கும் திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுத்தார்.